குழந்தை தண்ணி குடிக்கலம்மா, நுரையீரல் வடிய லேட் ஆச்சு

பெரம்பூர் பக்கத்துலேர்ந்து ஒரு அம்மா எழுதியிருக்காங்க. வயசு 27, முதல் பிரசவம், பொண்ணு குழந்தை, இன்னைக்கு 24 நாள். நீளமான லெட்டர், பாதி ராத்திரி ரெண்டு மணிக்கு மேல ஒரு கையில குழந்தையை வெச்சுக்கிட்டு டைப் பண்ணதுன்னு அவங்களே சொல்றாங்க. அடையாளம் தெரியாம இருக்க ஒண்ணு ரெண்டு விவரத்தை மாத்திருக்கேன்.

விஷயம் இதுதான். குழந்தை வயித்துல தலை மேலயும் இடுப்பு கீழயுமா உக்காந்த மாதிரி இருந்ததால சிசேரியன்னு முன்னாடியே முடிவாயிடுச்சு. டாக்டர் முதல்ல குறிச்சு குடுத்தது ஏப்ரல் கடைசி வாரம். ஆனா அப்போ சித்திரை பொறந்துடும், தலைச்சன் குழந்தை சித்திரையில பொறந்தா குடும்பத்துக்கு ஆகாதுன்னு மாமியார் ஜோசியர்கிட்ட போய், பங்குனி முடியறதுக்குள்ள ஒரு நல்ல நேரம் பார்த்து வாங்கிட்டு வந்துட்டாங்க. ஆஸ்பத்திரியும் சரின்னுடுச்சு. 37 வாரம் 2 நாள்ல, 2.7 கிலோவோட குழந்தை பொறந்துச்சு, நல்லா அழுதுச்சு, அரை மணி நேரத்துல "ம்ம்... ம்ம்..."னு முனக ஆரம்பிச்சு மூச்சு நிமிஷத்துக்கு 80க்கு மேல போயிடுச்சு. என்ஐசியூ, அதாவது பச்சக் குழந்தைங்களுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு. மூக்குல ட்யூப் வெச்சு 30 மணி நேரம், அப்புறம் கொஞ்சம் ஆக்சிஜன், மூணாவது நாள் எல்லாம் எடுத்துட்டாங்க. ஆன்டிபயாடிக் மட்டும் அஞ்சு நாள், ஆறாம் நாள் டிஸ்சார்ஜ். டிஸ்சார்ஜ் சம்மரியில "டிடிஎன்"னு மூணு எழுத்து போட்டிருக்கு. பில் ஒண்ணே முக்கால் லட்சம்.

வீட்டுல ஆளாளுக்கு ஒரு காரணம். குழந்தை பனிக்குட தண்ணிய குடிச்சிடுச்சுன்னு மாமியார். மாசமா இருக்கும்போது இவ ஐஸ் வாட்டர் குடிச்சா, அந்தச் சளிதான் இறங்கிடுச்சுன்னு நாத்தனார். பணம் பிடுங்கறதுக்காக ஐசியூல போட்டாங்கன்னு வீட்டுக்காரர், ரெண்டாம் நாளே எழுதிக் குடுத்துட்டு கூட்டிட்டுப் போயிடலாம்னு நின்னிருக்கார். இவங்க ராத்திரி பூரா ஃபோன் ஸ்டாப்வாட்ச்ல மூச்சு எண்ணிக்கிட்டு இருக்காங்க. தூக்கத்துல குழந்தை சட்டுனு மூச்சை நிறுத்திட்டு மறுபடி வேகமா விடுதாம். கொரோனா டைம்ல வாங்கின விரல் கிளிப் ஆக்சிமீட்டரை கால் கட்டை விரல்ல மாட்டிப் பார்த்தா 84ன்னு காட்டுச்சாம், ரெண்டு நிமிஷம் கழிச்சு 97. கேள்வி மூணு: இது என் தப்பா, இவளுக்கு ஆஸ்துமா வருமா, அடுத்த குழந்தைக்கும் இப்படி ஆகுமா.

அம்மா, கடைசியிலேர்ந்து வரேன், அந்த கிளிப்பை முதல்ல பீரோவுல வெச்சுப் பூட்டுங்க. அது பெரியவங்க விரலுக்கு செஞ்சது. பச்சக் குழந்தையோட விரல் அதுக்குள்ள நிக்கவே நிக்காது, வெளிச்சம் பக்கத்துல கசிஞ்சிடும், காலை ஒரு உதறு உதறினா நம்பர் எங்கயோ போய் நிக்கும். நாங்க ஆஸ்பத்திரியில பாதத்தைச் சுத்தி டேப் மாதிரி ஒட்டுறோமே, அது வேற சமாச்சாரம். 84 காட்டின அந்த நேரத்துல குழந்தை ரோஸ் கலர்ல நல்லா பால் குடிச்சிட்டு இருந்தான்னு நீங்களே எழுதியிருக்கீங்க. குழந்தையை நம்புங்க, மிஷினை நம்பாதீங்க.

அந்த மூணு நாள் உள்ள என்ன நடந்துச்சு

தண்ணி குடிச்சிடுச்சுங்கற பேச்சை இருபது வருஷத்துக்கு மேல என்ஐசியூ வாசல்ல கேட்டுக்கிட்டு இருக்கேன். அதுல பாதிதான் சரி. நுரையீரல்ல தண்ணி இருந்தது உண்மை, ஆனா அது குழந்தை வெளியிலேர்ந்து குடிச்சது இல்ல. வயித்துல இருக்கற வரைக்கும் எல்லாக் குழந்தைக்கும் நுரையீரல் நிறைய தண்ணிதான், அந்தத் தண்ணிய நுரையீரலே சுரக்குது, அது இருந்தாத்தான் நுரையீரல் விரிஞ்சு வளரும். அங்க மூச்சு வேலை தொப்புள்கொடி பார்த்துக்கும், காத்துக்கு அவசியமே கிடையாது. (உள்ளயே மலம் போய், அது கலந்த தண்ணி மூச்சுக்குழாய்க்குள்ள போறது தனி நோய். உங்க சம்மரியில அப்படி ஒண்ணும் இல்ல, தண்ணி தெளிவா இருந்துச்சுன்னு எழுதியிருக்கு.)

பொறக்கற நேரத்துல அந்தத் தண்ணி வெளியேறணும். பிரசவ வழியில வரும்போது நெஞ்சு அமுங்கி, பிழிஞ்ச துணி மாதிரி தண்ணி வெளிய வந்துடும்னுதான் ரொம்ப நாள் சொல்லிக்கிட்டு இருந்தாங்க, நானும் படிக்கும்போது அப்படித்தான் எழுதி மார்க் வாங்கினேன். அது சின்ன பங்குதான். பெரிய வேலை என்னன்னா, பிரசவ வலி ஆரம்பிச்சதும் குழந்தையோட உடம்புல அட்ரினலின் மாதிரி ஹார்மோன்கள் எகிறும், அது வந்ததும் இத்தனை நாள் தண்ணி சுரந்துக்கிட்டிருந்த அதே நுரையீரல் செல்லுங்க அப்படியே திரும்பி தண்ணிய உறிய ஆரம்பிக்கும். சம்பு பக்கம் தண்ணி ஏத்திக்கிட்டு இருந்த மோட்டரே திடீர்னு இறைக்க ஆரம்பிச்ச மாதிரின்னு வெச்சுக்கோங்க. வலியே வராம, தேதி குறிச்சு எடுத்த குழந்தைக்கு அந்த சுவிட்ச் சரியா விழுந்திருக்காது. அதுவும் 39 வாரத்துக்கு முன்னாடின்னா இன்னும் மந்தம். அதனால தண்ணி வடிய ஒரு நாள், ரெண்டு நாள், சிலருக்கு மூணு நாள் ஆகும். அது வரைக்கும் ஒவ்வொரு மூச்சுலயும் உள்ள போற காத்து கம்மி, ஈடு கட்ட குழந்தை வேக வேகமா மூச்சு விடும். டிடிஎன்னா அவ்வளவுதான், பொறந்த குழந்தைக்கு தற்காலிகமா வர்ற வேக மூச்சு. 1966ல அமெரிக்காவுல மேரி எலன் ஏவரிங்கற குழந்தை டாக்டரும் அவங்க கூட இருந்தவங்களும் இதைத் தனியா அடையாளம் கண்டு எழுதினாங்க. அதே அம்மாதான் அதுக்கு சில வருஷம் முன்னாடி, குறைமாசக் குழந்தைங்க நுரையீரல் சுருங்கிப் போறது ஏன்னும் கண்டுபிடிச்சவங்க.

அந்த முனகல் இருக்கே, அது வலியால வர்றது இல்ல. தண்ணி லாரியில பிடிச்ச குடத்தைத் தூக்கிட்டு மூணு மாடி ஏறுறவங்க மூச்சை அடக்கி அடக்கி விடுவாங்க பாருங்க, அந்த மாதிரி. குழந்தை தொண்டையைப் பாதி மூடிக்கிட்டு மூச்சு விடுது, அப்போ நுரையீரலுக்குள்ள இருக்கற குட்டிக் குட்டி அறைங்க முழுசா சப்பிப் போகாம கொஞ்சம் காத்து தங்கும். மூக்குல வெச்ச ட்யூபும் (சிபேப்னு சொல்றோம்) அதே வேலையைத்தான் குழந்தைக்குப் பதிலா செய்யுது. உங்க மாமியார் கண்ணாடி வழியா பார்த்துட்டு, "தண்ணி பாட்டில்ல குபுகுபுன்னு வந்துச்சு, நுரையீரல்லேர்ந்து தண்ணி எடுக்கறாங்க"ன்னு சொந்தக்காரங்களுக்கெல்லாம் ஃபோன் பண்ணாங்கன்னு எழுதியிருக்கீங்க. பாவம், அவங்களைக் குறை சொல்ல முடியாது, பார்த்தா அப்படித்தான் தெரியும். அந்த பாட்டில்ல இருக்கறது நாங்க ஊத்தின தண்ணி. ட்யூபோட முனையை தண்ணிக்குள்ள 5 சென்டிமீட்டர் ஆழத்துல வெச்சா குழந்தைக்கு அந்த அளவு அழுத்தம் போகும், குபுகுபுன்னு வந்தா லீக் இல்லாம வேலை செய்யுதுன்னு அர்த்தம். நுரையீரல் தண்ணி ட்யூப் வழியா வெளிய வராது, ரத்தத்துலயும் நிணநீர்லயும் தானா கலந்து போயிடும். தண்ணி இறங்க ஊசி போடலாமேன்னு சிலர் கேப்பாங்க, அந்த மருந்தை இதுக்குக் குடுத்துப் பார்த்து பெரிய பிரயோஜனம் இல்லன்னு விட்டாச்சு.

ஐஸ் வாட்டர் விஷயத்தை ஒரே வரியில முடிச்சிடறேன். நீங்க குடிச்ச தண்ணி உங்க இரைப்பைக்குப் போச்சு, குழந்தையோட நுரையீரலுக்கு அங்கேர்ந்து ரோடு கிடையாது.

அப்போ யார் தப்பு?

உங்க தப்பு இல்ல. ஆனா எதுவுமே காரணம் இல்லன்னு பூசி மெழுகவும் எனக்கு மனசு வரல, ஏன்னா அடுத்த தடவை நீங்க முடிவெடுக்கணும். சிசேரியன் தேவைப்பட்டது, குழந்தை அப்படி உக்காந்திருந்தா நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். தேதிதான் மாத்தியிருக்க வேண்டாம். அமெரிக்காவுல 13,000க்கு மேல திட்டமிட்ட சிசேரியன்களைப் பார்த்து 2009ல ஒரு ஆய்வு வந்துச்சு, அவங்க எல்லாம் ஏற்கனவே ஒரு சிசேரியன் ஆனவங்க. 37வது வாரத்துல எடுத்த குழந்தைங்கள்ல மூச்சுப் பிரச்சனை, சர்க்கரை இறங்கறது, கிருமித் தொத்து, என்ஐசியூ அட்மிஷன் இதுல எதாவது ஒண்ணு வந்தது நூத்துக்கு 15 பேருக்கு. 38ல 11. 39ல 8. ரெண்டு வாரம் பொறுத்தா பாதி. இதுக்காகத்தான் மருத்துவக் காரணம் இல்லாம 39 வாரம் முடியறதுக்குள்ள எடுக்காதீங்கன்னு சொல்றோம்.

இதை உங்க மாமியாருக்குச் சொல்ல வேண்டியது நீங்க இல்ல, தேதி கேட்டு வந்தப்போ சரின்னு தலையாட்டின எங்க ஆளுங்க. ஜோசியருக்குப் பஞ்சாங்கம் தெரியும், நுரையீரல் தெரியாது, தெரிஞ்ச நாங்க வாயைத் திறக்கணும் இல்லையா. சில ஆஸ்பத்திரியில நல்ல நேர சிசேரியனுக்கு தியேட்டர் கிடைக்காம வரிசை நிக்கிது, முகூர்த்த நாள்ல கல்யாண மண்டபம் மாதிரி. சித்திரை வேண்டாம்னுதான் ஆடியில புதுசா கல்யாணம் ஆனவங்களைப் பிரிச்சு வெச்சாங்க பெரியவங்க, இந்த வெயில்ல பிரசவம் வேண்டாம்னு ஒரு கணக்கு. அதைப் பிடிச்சுக்கிட்டு இருக்கற குழந்தையை முன்னாடி எடுக்கறது எந்தக் கணக்குலயும் வராது.

உங்க வீட்டுக்காரர் சின்ன வயசுல இன்ஹேலர் எடுத்தவர்னு ஒரு வரி போற போக்குல எழுதியிருக்கீங்க, ஐஸ் வாட்டர் பத்தி பேசின வீட்டுல யாரும் அதைப் பத்தி பேசல பாருங்க. டிடிஎன் வந்த குழந்தைங்களுக்கு பின்னாடி வீசிங் வர்றது மத்த குழந்தைங்களை விட கொஞ்சம் அதிகம்னு சில ஆய்வுகள்ல தெரியுது, ஆனா பெரும்பாலான குழந்தைங்க ஒரு பிரச்சனையும் இல்லாமத்தான் வளருறாங்க. நுரையீரல் அந்தத் தண்ணியால கெட்டுப் போகல, தழும்பு எதுவும் விழல. உங்க பொண்ணுக்கு வீசிங் வந்தா அதுக்கு அப்பா பக்கத்துச் சொத்தும் ஒரு காரணமா இருக்கும். நீங்க இப்போ செய்யக்கூடியது, வீட்டுக்குள்ள யாரும் சிகரெட் பிடிக்கக் கூடாது, கொசுவத்திச் சுருள் வேண்டாம், கொசுவலை போதும்.

ராத்திரி எண்ணுறது

நீங்க அனுப்பின நோட்டுல 46, 52, 58, 66, 49, 71னு இருக்கு. 71க்கு எதிர்ல சிவப்புப் பேனா. நானும் அதைப் பார்த்து ஒரு நிமிஷம் நின்னேன், அப்புறம்தான் பக்கத்துல நீங்களே எழுதியிருந்ததைப் படிச்சேன்: "பால் குடிச்ச உடனே, ஸ்வெட்டர், குல்லா." அக்னி நட்சத்திரம் ஆரம்பிச்சாச்சு, பெரம்பூர்ல ஃபேனை நிறுத்திட்டு, ஜன்னலை மூடிட்டு, உல்லன் ஸ்வெட்டர் போட்ட குழந்தை வேகமா மூச்சு விடாம வேற என்ன பண்ணும்? உடம்பு சூடானா மூச்சு ஏறும். ஃபேன் போடுங்க, ஏசி இருந்தா 26, 27ல வெச்சு காத்து நேரா மூஞ்சியில அடிக்காம பார்த்துக்கோங்க, மெல்லிசா ஒரு காட்டன் சட்டை போதும். ஃபேன் காத்துல சளி பிடிக்காது.

எண்ணுற விதம் இது. பால் குடிச்சு ஒரு அரை மணி நேரமாவது ஆகி, அழாம அசையாம இருக்கும்போது சட்டையைத் தூக்கி வயித்தைப் பாருங்க, பச்சக் குழந்தைக்கு மூச்சு தெரியறது வயித்துலதான். மேல போய் கீழ வந்தா ஒண்ணு. முழுசா ஒரு நிமிஷம் எண்ணணும். 15 செகண்ட் எண்ணி நாலால பெருக்காதீங்க. அது பெரியவங்களுக்குச் சரி, இந்த வயசுல கணக்கே மாறிடும். ஏன்னா குழந்தைங்க சீரா மூச்சு விட மாட்டாங்க. பத்து பதினைஞ்சு மூச்சு வேகமா விட்டுட்டு, அஞ்சு செகண்ட், சில சமயம் பத்து செகண்ட் அப்படியே நிறுத்திட்டு மறுபடி தொடருவாங்க. நீங்க பயந்து எழுப்பி விட்டீங்களே, அது இதுதான். மூளையில மூச்சை நடத்துற இடம் இன்னும் பழகிக்கிட்டு இருக்கு, மாசங்கள் போகப் போகக் குறையும். டிடிஎன்னுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. கலர் மாறாம, உடம்பு துவளாம, தானா தொடர்ந்தா விட்டுடுங்க. முழு நிமிஷத்துக்கு 30லேர்ந்து 60க்குள்ள இருந்தா சரி. 60க்கு மேல வந்தா துணியைத் தளர்த்தி, கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொரு தடவை முழு நிமிஷம் எண்ணுங்க.

தூக்கத்துல மூக்குல கொர கொரன்னு சத்தம் வருதுன்னு எழுதினது நெஞ்சுச் சளி இல்ல. இந்த வயசுல மூக்காலதான் மூச்சு விடும், ஓட்டை ரொம்பச் சின்னது, காஞ்ச பால் ஒரு துளி ஒட்டினாலே ரம்பம் அறுக்கற மாதிரி சத்தம் கேக்கும். பால் குடிக்கும்போது சிரமப்பட்டா மட்டும் சலைன் சொட்டு ஒண்ணு.

குளிப்பாட்ட வர்ற பாட்டி மூக்குல எண்ணெய் விட்டு ஊதறாங்கன்னு சொன்னீங்களே, அதை இன்னைக்கே நிறுத்தணும். எண்ணெய் நுரையீரலுக்குள்ள போனா அந்தத் தண்ணி மாதிரி தானா வடியாது, நிமோனியாவுல போய் முடியும், நான் பார்த்திருக்கேன். சாம்பிராணிப் புகையும் வேண்டாம். மாமியாருக்கு மனசு கேக்கலன்னா சட்டியை பூஜை ரூம்ல காட்டிட்டு கதவை மூடட்டும், குழந்தை வேற ரூம்ல இருக்கட்டும். உரை மருந்தும் அப்படித்தான். வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய் எல்லாம் கல்லுல உரசி நாக்குல தடவுறது தலைமுறையா நடக்கறது எனக்கும் தெரியும், எங்க பாட்டியும் எனக்குக் குடுத்தவங்கதான். ஆனா தூங்க வைக்கறதுக்குன்னே ஜாதிக்காய் உரசுற வீட்டுல, குழந்தை மந்தமா இருந்தா அது மருந்தாலயா நோயாலயான்னு யாரு கண்டுபிடிக்கறது? ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால், டாக்டர் எழுதின வைட்டமின் டி சொட்டு, வேற எதுவும் நாக்குல படக்கூடாது.

எப்போ ஓடணும்

நேரம் பார்க்காம ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டியது இதுக்கெல்லாம்: அமைதியா இருக்கும்போதும் ரெண்டாவது தடவை எண்ணியும் 60க்கு மேலயே நிக்கிது, மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழ நல்லா குழி விழுது, மூக்கு விடைக்கிது, அந்தப் பழைய முனகல் திரும்ப வருது, உதடும் நாக்கும் நீலமாகுது (கை கால் மட்டும் லேசா நீலமா இருந்தா அது குளிருக்கு), 20 செகண்டுக்கு மேல மூச்சு இல்ல, பால் குடிக்க மாட்டேங்குது, இல்ல குடிக்கும்போதே வேர்த்து, களைச்சு, விட்டு விட்டு மூச்சு வாங்குது, அக்குள்ல 99.5க்கு மேல காய்ச்சல், இல்ல உடம்பு ஜில்லுனு துவண்டு கிடக்கு.

இதை நான் அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. டிடிஎன் பொறந்த சில மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சு மூணு நாள்ல முடியற ஒண்ணு, சரியான பிறகு மூணு வாரம் கழிச்சு திரும்பி வராது. இனிமே வேக மூச்சு வந்தா "இது பழைய பிரச்சனைதான்"னு வீட்டுல யாராவது சமாதானம் சொல்லுவாங்க, கேக்காதீங்க, அது புதுசு, கிருமித் தொத்தா இதயமான்னு பார்க்கணும். 108ல பச்சக் குழந்தைங்களுக்குன்னே இன்குபேட்டரோட வண்டி இருக்கு. எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரி உங்க வீட்டுலேர்ந்து தூரம் இல்ல, ராத்திரி எந்நேரமும் பார்ப்பாங்க, காசு கிடையாது.

இப்போதைக்கு உங்க லெட்டர்ல இதுல ஒண்ணுகூட இல்ல. 24 நாள்ல 3.05 கிலோ, ஒரு நாளைக்கு எட்டு தடவை மூத்திரம். மூச்சுத் திணறுற குழந்தை இப்படி எடை போடாது.

பில்லும் ஃபைலும்

வீட்டுக்காரர் கோவத்துக்கு வரேன். டிடிஎன்ங்கறது முடிஞ்ச பிறகு வைக்கற பேரு. முதல் ஆறு மணி நேரத்துல டிடிஎன்னும் கிருமித் தொத்தும் நிமோனியாவும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், எக்ஸ்ரே கூட சில சமயம் ரெண்டுக்கும் ஒத்துப்போகும். அதனால ரத்தம் எடுத்து, கிருமி வளருதான்னு பார்க்க கல்ச்சருக்கு அனுப்பிட்டு ஆன்டிபயாடிக் ஆரம்பிக்கறது தப்பு இல்ல. ரெண்டாம் நாள் எழுதிக் குடுத்துட்டுக் கிளம்பியிருந்தா, சிபேப்லேர்ந்து அப்போதான் இறங்கின குழந்தை வீட்டுல ட்யூப் இல்லாம பால் குடிச்சிருக்கணும், மூச்சு வேகமா இருக்கும்போது பால் நுரையீரலுக்குப் போயிடும்னுதான் அங்க ட்யூப்ல குடுத்தாங்க. நீங்க அழுது தடுத்தேன்னு எழுதியிருக்கீங்க. நல்லா அழுதீங்க. பணம் முடியலன்னா கிளம்பறதுக்குப் பதிலா அரசு ஆஸ்பத்திரிக்கு முறையா மாத்தச் சொல்லிக் கேக்கலாம், ஆக்சிஜன் வசதியோட, இங்கேர்ந்து அங்க பேசிட்டு. எழுதிக் குடுத்துட்டு ஆட்டோவுல போறது மட்டும் எந்தக் காலத்துலயும் வேண்டாம்.

ஆனா அவர் கேள்வியில ஒரு நியாயமும் இருக்கு. கல்ச்சர்ல ஒண்ணும் வளரல, குழந்தை மூணாம் நாளே தேறிடுச்சுன்னா, சாதாரணமா 36லேர்ந்து 48 மணி நேரத்துல ஆன்டிபயாடிக்கை நிறுத்தியிருக்கலாம். அஞ்சு நாள் ஏன்? சிஆர்பி (கிருமித் தொத்து இருக்கான்னு பார்க்கற ரத்த டெஸ்ட்) ஏறியிருந்துச்சா, எக்ஸ்ரேயில சந்தேகமா, காரணம் இருக்கலாம், கேக்கறது உங்க உரிமை. மருத்துவப் பதிவுகள் கேட்டு எழுத்துல விண்ணப்பம் குடுத்தா 72 மணி நேரத்துக்குள்ள குடுக்கணும்னு 2002ல வந்த மருத்துவ கவுன்சில் விதியிலயே இருக்கு, டாக்டருங்க மூணு வருஷம் அதைப் பாதுகாத்து வைக்கவும் வேணும். கேஸ் ஷீட், நர்ஸ் சார்ட், கல்ச்சர் ரிப்போர்ட், எக்ஸ்ரே, ஐட்டம் வாரியா பில், இவ்வளவும் கேளுங்க. கேக்கற லெட்டர்ல குற்றச்சாட்டு எழுதாதீங்க, நகல் வேணும்னு மட்டும் எழுதி, பெற்றுக்கொண்டோம்னு சீல் வாங்கிக்கோங்க. அப்புறம் அந்த ஃபைலோட அதே டாக்டரைப் போய்ப் பார்த்து உக்காந்து கேளுங்க. பாதிக் கோவம் அங்கயே தீரும், தீரலன்னா கையில பேப்பர் இருக்கு. ஃபேமிலி வாட்ஸ்அப் க்ரூப்ல ஆஸ்பத்திரி பேரைப் போட்டு எழுதினா மட்டும் உங்க தலைவலிதான் கூடும்.

அடுத்த குழந்தை

இது பரம்பரையா வர்ற நோய் இல்ல. அடுத்த தடவை குழந்தை தலை கீழா திரும்பி, உங்க தையலும் மத்ததும் சரியா இருந்தா, சுகப்பிரசவத்துக்கு முயற்சி பண்ணலாமான்னு மகப்பேறு டாக்டர்கிட்ட ஆரம்பத்துலயே கேளுங்க. ஒரு தடவை சிசேரியன்னா எப்பவும் சிசேரியன்ங்கறது சட்டம் இல்ல, ஆனா அவசரத் தியேட்டர் இருக்கற ஆஸ்பத்திரியாத்தான் இருக்கணும். மறுபடி சிசேரியன்தான்னா, 39 வாரம் முடிஞ்ச பிறகு வர்ற தேதிங்களை டாக்டர் குடுக்கட்டும், அந்தத் தேதிங்களுக்குள்ள நல்ல நேரத்தை மாமியார் தேடிக்கட்டும். நான் எங்க வீட்டுலயே இந்த ஒப்பந்தத்துக்குத்தான் வந்தேன், ராகுகாலம் போக நிறைய நேரம் மிச்சம் இருக்கு.

இப்போ உங்களைப் பத்தி. ராத்திரி முழுக்க எண்ணுறீங்க, குழந்தை தூங்கினாலும் தூக்கம் வரல, கண்ணை மூடினா அந்த முனகல் சத்தம் காதுல கேக்குதுன்னு எழுதியிருக்கீங்க. பொறந்த அன்னைக்கே குழந்தையைக் கையிலேர்ந்து தூக்கிட்டுப் போன அம்மாங்கள்ல பல பேருக்கு இது வருது. ஒரு நாளைக்கு ரெண்டு தடவை எண்ணினா போதும், காலையில ஒண்ணு, ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு. நோட்டை வீட்டுக்காரர்கிட்ட குடுத்துடுங்க, சந்தேகப்படறவர் அவர்தானே, அவரே எண்ணட்டும். பகல்ல குழந்தையை வெறும் நெஞ்சுல உங்க தோலோட தோலா ஒரு மணி நேரம் போட்டுக்கோங்க, பாலும் கூடும், மூச்சும் உங்களுக்கு எண்ணாமலே தெரியும். ஒரு வாரத்துல தூக்கம் திரும்பலன்னா, இல்ல அழுகை நிக்கலன்னா, 14416க்கு ஃபோன் பண்ணுங்க, மனநல உதவிக்கான அரசு நம்பர், இலவசம், தமிழ்லயே பேசுவாங்க. உங்க டாக்டர்கிட்டயும் சொல்லுங்க.

நீங்க கேக்காத ரெண்டு விஷயம், ஆனா உங்க சம்மரியைப் படிக்கும்போது கண்ணுல பட்டது. குழந்தை இடுப்பு கீழ இருந்த மாதிரி வளர்ந்தவ, அதுவும் பொண்ணு, அதனால இடுப்பு மூட்டு சரியா பொருந்தியிருக்கான்னு 6 வாரத்துல ஒரு ஸ்கேன் எடுக்கணும், இதுல எதுவும் எழுதல. குடுத்த ஆன்டிபயாடிக்ல ஒண்ணு காதைப் பாதிக்கக்கூடிய வகை, காது கேக்குதான்னு பார்க்கற ஓஏஇ டெஸ்ட் பண்ணதா எங்கயும் இல்ல, அதை இந்த வாரமே பண்ணிடுங்க, அஞ்சு நிமிஷம், குழந்தை தூங்கும்போதே காதுல சின்ன முனை வெச்சுப் பார்த்துடுவாங்க. 6 வாரத் தடுப்பூசியைத் தள்ளிப் போடாதீங்க, மூச்சுப் பிரச்சனை இருந்த குழந்தைன்னு யாராவது சொன்னாலும் சரி. ஊசியும் இடுப்பு ஸ்கேனும் ஒரே நாள்ல வர்ற மாதிரி வாங்கிட்டா இந்த வெயில்ல ஒரு தடவை அலைஞ்சா போதும், காலையிலயே போயிடுங்க, ஸ்வெட்டர் இல்லாம.